புகைநாளும் சம்பள நாளே

புகைமூட்டம் வந்தால் பள்ளிக்கூடம் மூடுகிறது. பெரட்டுக் களம் மூடுவதில்லை. பிள்ளை வீட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் விடியுமுன்னே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறாள். பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாத காற்று, தாயின் நெஞ்சுக்கு மட்டும் எப்படி ஆகும்? இந்தக் கேள்வியை நிர்வாகங்களின் முன்பும், அரசாங்கத்தின் முன்பும், நம் தொழிலாளத் தோழர்களின் முன்பும் இன்று வைக்கிறோம்.

காற்று மாசுக் குறியீடு 100ஐ எட்டினால் பள்ளிகளில் வெளி நடவடிக்கைகள் நிற்க வேண்டும், 200ஐ எட்டினால் பள்ளியை மூடி வீட்டிலிருந்தே பாடம் நடத்த வேண்டும் என்று கல்வி அமைச்சு 2023 இல் அறிவித்தது. நல்ல விதி. அதை வரவேற்கிறோம். ஆனால் பால்மரக் காட்டுக்கு அப்படி ஓர் எண் உண்டா? புகைமூட்டக் காலத்தில் தொழிலாளரைப் பாதுகாப்பது பற்றி வழிகாட்டிக் குறிப்புகள் இருக்கின்றன. ஆயினும், "இத்தனைக்கு மேல் போனால் வெட்டு நிற்கும், சம்பளம் நிற்காது" என்று பெரட்டில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு வரி நம் கையில் இல்லை. அந்த ஒரு வரி வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் நோக்கம்.

புகைமூட்டம் என்றோ ஒரு நாள் வந்துபோகும் விருந்தாளி அல்ல. 1997 செப்டம்பரில் சரவாக்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. அம்மாநிலத்தில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை. 2015 இல் வாரக்கணக்கில் சூரியன் சிவந்த வட்டமாகவே தெரிந்தது. 2019 செப்டம்பரில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன. 2023 இலும் புகை வந்தது. கோலசிலாங்கூர், மூவார், லேடாங் என்று நாம் சொன்ன ஊர்களைப் பாருங்கள்! எல்லாம் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரங்கள். புகை முதலில் தேடி வருவது நம் மக்கள் வாழும் இடங்களைத்தான்.

இப்புகை எங்கிருந்து வருகிறது? பெரும் பங்கு சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் சதுப்பு நிலமும் எரிவதால் வருகிறது. மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்று சொல்லும் நிலம், மட்கிய மரமும் இலையும் பல அடி ஆழத்துக்குப் படிந்து கிடப்பது. ஈரமாக இருக்கும்வரை அது எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்து, செம்பனைக்கும் காகித மரத்துக்கும் அதைத் திருத்தியபின், வறட்சி வந்தால் அது விறகாகிறது. மேலே தீ அணைந்தாலும் மண்ணுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். மழை பெய்து நிலம் நனையும்வரை புகை ஓயாது. எல் நினோ எனப்படும் வறட்சி தாக்கிய 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் நிலைமை மிக மோசமானதற்கு இதுவே காரணம்.

"அது இந்தோனேசியாவின் குற்றம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. 2019 இல் அந்நாட்டு அரசாங்கம் முத்திரையிட்டு மூடிய எரிந்த நிலங்களில், மலேசியக் கம்பெனிகளைச் சார்ந்தவையும் உண்டு என்று அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். முதலாளிக்கு எல்லைக்கோடு கிடையாது, புகைக்கும் கிடையாது. தென்கிழக்காசிய நாடுகள் 2002 ஜூன் 10ஆம் நாள் கோலாலம்பூரில் கூடி, எல்லை கடந்த புகைமூட்டத்தைத் தடுக்க ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொள்ள 2014 ஆயிற்று. பெரியவர்கள் பேசி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு. அதுவரை புகையைக் குடித்தவர்கள் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இந்தப் புகை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தூசி என்றதும் நம் நினைவுக்கு வருவது செம்மண் சாலையில் லோரி போனால் எழும்புகிற புழுதி. அது கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறும், தும்மினால் பாதி வெளியே வந்துவிடும். மூக்கின் ரோமமும் தொண்டையின் சளியும் அதைப் பிடித்து நிறுத்தும். ஆண்டவன் கொடுத்த காவல் அது. புகைமூட்டத்தில் இருப்பதோ வேறு வகை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு மைக்ரோன் என்று பெயர். இரண்டரை மைக்ரோனும் அதற்குக் குறைவுமான துகள்கள்தான் இப்புகையில் பெருவாரியாக இருக்கின்றன. நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் இது. இத்தனை நுண்ணிய துகளை மூக்கும் பிடிக்காது, தொண்டையும் பிடிக்காது. நேரே நுரையீரலின் அடி அறைகளுக்குப் போய்ப் படியும். அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலந்துவிடும்.

ஆகவே இது இருமலோடு நிற்கிற வியாதி அல்ல. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறும். இருதயக் கோளாறு உள்ளவருக்கு மாரடைப்பு வரலாம். பக்கவாதம் வரலாம். கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் கூடுகிறது. நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2013 இல் வெளிக்காற்று மாசையும் அதில் உள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் சேர்த்தது. சிகரெட் புகை இருக்கும் அதே வகுப்பு அது. சிகரெட் பிடிப்பவன் காசு கொடுத்து வாங்குகிறான். நம் தோழருக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

2015 ஆம் ஆண்டுப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய 100,300 பேர் காலத்துக்கு முன்பே மாண்டிருக்கலாம் என்றும், அவர்களில் சுமார் 6,500 பேர் மலேசியர் என்றும் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் கணித்தனர். இக்கணக்கை ஏற்க மறுத்த அதிகாரிகளும் உண்டு. இது கணிப்புத்தான், ஆளை ஆளாக எண்ணிய பட்டியல் அல்ல. ஏனென்றால், புகையால் செத்தவர் என்று எந்த மரணச் சான்றிதழிலும் எழுதுவதில்லை. மாரடைப்பு என்று எழுதுவார்கள், நிமோனியா என்று எழுதுவார்கள். எழுதப்படாத காரணத்தால் ஒரு சாவு இல்லாமல் போய்விடாது.

நகரத்தில் கண்ணாடி அறைக்குள், குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கும் நமக்கும் இதில் என்ன வேற்றுமை? மூன்று வேற்றுமைகள் உண்டு.

ஒன்று, நேரம். விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அந்த நேரத்தில் நிலம் குளிர்ந்திருக்கும், காற்று அசையாது, புகை மேலே எழும்பாமல் மரங்களுக்கிடையே தரையோடு தரையாகப் படிந்து நிற்கும். அந்த வேளையில்தான் நம்மவர் மரத்துக்கு மரம் நடக்கின்றனர்.

இரண்டு, உழைப்பு. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். குனிந்து நிமிர்ந்து வெட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி, காண்டா போட்டு இரண்டு வாளிப் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு வருபவர் அதைப்போல் பல மடங்கு சுவாசிக்கிறார். காற்று பல மடங்கு என்றால் அதிலுள்ள நஞ்சும் பல மடங்கு. அதோடு, மூச்சு வாங்கும்போது வாயால் சுவாசிக்கிறோம். மூக்கின் காவலும் போய்விடுகிறது.

மூன்று, புகைமூட்டம் இல்லாத நாளிலும் நம் நெஞ்சுக்கு ஓய்வு இல்லை. கொசுக்கடிக்காக இடுப்பில் கட்டித் தொங்கவிடும் கொசுவத்திச் சுருள் காலை முழுவதும் புகைந்துகொண்டே இருக்கிறது. இலையுதிர்ந்து புதுத் துளிர் விடும் காலத்தில் மரத்துக்கு நோய் வராமலிருக்கக் கந்தகத் தூள் தூவுகிறார்கள். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறது. வறண்ட காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரியும் டிராக்டரும் எழுப்பும் புழுதி லயத்து வாசலில் காயும் துணியில் படிகிறது. ஷீட் போடும் இடங்களில் புகைக்கொட்டகை வேலை வேறு. ஏற்கனவே சுமை ஏறிய நுரையீரலின் மேல்தான் புகைமூட்டமும் வந்து ஏறுகிறது.

இத்தனையும் தெரிந்தபின், "அப்படியானால் வேலைக்குப் போகாமல் இருப்பதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது எளிது. பிரட்டுக்குப் போகாத நாளின் கூலியை யார் கொடுப்பார்கள்? பல தோட்டங்களில் நாட்கூலியோடு எடைக்காசும் சேர்ந்தால்தான் மாதச் சாமான் கடனை அடைக்க முடியும். பால் விலை ஏறியிருக்கும் மாதமாக இருந்தால், நெஞ்சு எரிந்தாலும் ஒரு நிரையைக்கூட விட மனம் வராது. இது பேராசை அல்ல, வறுமையின் கணக்கு. ஒருவன் தன் நுரையீரலையும் தன் பிள்ளையின் சோற்றையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை வரக்கூடாது. அந்தத் தராசை உடைப்பதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுச் சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு, மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். தொழிலாளி வேலை செய்யத் தக்கவராகவும் தயாராகவும் இருந்து, முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், அந்நாட்களுக்கும் வேலை செய்தது போலவே சம்பளம் கொடுக்க வேண்டும். இதுதான் அப்பிரிவின் சாரம். வேலை இல்லாத நாளின் பாரம் முழுவதையும் தொழிலாளியின் தலையில் இறக்கக்கூடாது என்ற நியாயத்தை நம் நாட்டுச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் புதிதாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை; இருக்கின்ற நியாயத்தைப் புகைநாளுக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் அப்பிரிவு மட்டும் போதாது. நிர்வாகம் "வேலை இருக்கிறது, போய் வெட்டு" என்று சொல்லிவிட்டால் அதன் கடமை தீர்ந்துவிடுகிறது. காற்று எப்படி இருக்கிறது என்று அப்பிரிவு கேட்பதில்லை. அதற்கு வேறு சட்டம் துணை நிற்கிறது. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் தன்னால் இயன்றவரை உறுதி செய்ய வேண்டிய கடமையை முதலாளியின் மேல் வைக்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்று அத்திருத்தம் கூறுகிறது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் சட்டமே.

இவ்விடத்தில் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்று கேள்விப்பட்டவுடன், தனியாக வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் மண்டோரிடமும் ஆபீசிலும் ஆபத்தைத் தெரிவியுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய குறியீட்டு எண்ணையும், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதையும் எழுதி வையுங்கள். ஒருவர் வீம்பாகச் செய்தால் வேலை நிறுத்தக் குற்றம் என்பார்கள். எல்லோரும் முறையாகச் செய்தால் உரிமை என்பார்கள்.

நிர்வாகத் தரப்பில் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். "புகையை நாங்களா மூட்டினோம்? இயற்கையின் கோளாறுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்பார்கள். மழையையும் அவர்கள் பெய்விக்கவில்லை. ஆயினும் வெட்டுப்பட்டையில் மழைநீர் இறங்கிப் பால் வீணாகாமலிருக்க மரத்துக்கு மழைக்கவசம் கட்டுகிறார்கள். மரத்துக்குச் செலவு செய்யும்போது இயற்கையின் கோளாறு என்று யாரும் கையை விரிப்பதில்லை. மரத்துக்கு மழைக்கவசம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, மரத்தை வெட்டுபவருக்குப் புகைக்கவசம் கொடுக்கத் தெரியாதா?

"ரப்பர் விலை இறங்கிக் கிடக்கிறது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் கொடுத்தால் தோட்டம் தாங்குமா?" என்று இரண்டாவது வாதம் வரும். புகைமூட்டம் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. சில ஆண்டுகளில் வருவதே இல்லை. வருகிற ஆண்டிலும் 200ஐத் தாண்டும் நாட்கள் எண்ணத்தக்கவையே. அந்தச் சில நாட்களின் கூலி தோட்டத்தைச் சாய்த்துவிடாது. நெஞ்சு கெட்ட தொழிலாளி மருத்துவ விடுப்பில் கிடப்பதும், ஐம்பது வயதுக்குள் வெட்டுக் கத்தியைக் கீழே வைப்பதும், பழகிய கை போனபின் புதிய ஆளைத் தேடி ஏஜண்டுக்குப் பணம் கட்டுவதும் எந்தக் கணக்கில் வருகிறது? வரவு செலவுப் புத்தகத்தில் அதற்கும் ஒரு பத்தி போட்டுப் பார்க்கட்டும்.

"மூக்குக் கவசம் கொடுத்துவிட்டோம், இனி என்ன?" என்பது மூன்றாவது. துணிக் கவசமும், ஆஸ்பத்திரியில் போடும் நீலநிற மெல்லிய கவசமும் இந்த நுண்துகளை நன்றாகத் தடுப்பதில்லை. என்-95 என்ற வகைதான் ஏற்றது. அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால்தான் பலன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காண்டா சுமந்து மேடு ஏறிப் பாருங்கள்! மூச்சு முட்டும், வியர்வையில் நனைந்து சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே கவசம் வேண்டும். கூடவே இடை ஓய்வும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றாவது மாற்றிக் கொடுக்க வேண்டும். கவசம் வேலை நிறுத்தத்துக்குப் பதில் ஆகாது. 100க்கும் 200க்கும் இடையே அது உதவும்; அதற்கு மேல் போனால் காட்டை விட்டு வெளியேறுவதே மருந்து.

ஆதலால், அடுத்துக் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது பின்வரும் கோரிக்கைகளை அதில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

முதலாவது: ஒவ்வொரு நாளும் பெரட்டில், ஆள் எண்ணுமுன், அருகிலுள்ள நிலையத்தின் காற்று மாசுக் குறியீட்டை வாசிக்க வேண்டும், எழுதி ஒட்டவும் வேண்டும். தமிழிலும் மலாயிலும், அங்கு வேலை செய்யும் மற்றத் தோழர்களின் மொழியிலும் அது இருக்க வேண்டும்.

இரண்டாவது: குறியீடு 100ஐத் தாண்டினால் எல்லோருக்கும் இலவசமாக என்-95 கவசம். கர்ப்பிணிகள், ஆஸ்துமாவும் இருதய நோயும் உள்ளவர்கள், வயது முதிர்ந்தவர்கள் ஆகியோருக்குச் சம்பளம் குறையாமல் கூரைக்குள் இலகுவான வேலை.

மூன்றாவது: 200ஐத் தாண்டினால் வெளிக்காட்டு வேலை அனைத்தும் நிற்க வேண்டும். அந்நாள் வேலை செய்த நாளாகவே எண்ணப்பட வேண்டும். எடைக்காசு வாங்குபவருக்கு அவருடைய சராசரி வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

நான்காவது: ஆயாக்கொட்டகையில் குழந்தைகளுக்கென்று கதவு சன்னல் இறுக மூடக்கூடிய, காற்றைச் சுத்தம் செய்யும் கருவி வைத்த ஓர் அறை. தோட்ட மருந்தகத்தில் மூச்சுத் திணறலுக்கு வேண்டிய மருந்தும் கருவியும் கைவசம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது: கந்தகத் தூள் தூவும்போதும் வறண்ட காலத்துப் புழுதியிலும் இதே கவனம். தூவுபவருக்குக் கண்ணாடியும் கவசமும். தூவும் பகுதியில் அந்நேரம் வெட்டு இல்லை. லயத்தை ஒட்டிய சாலையில் தண்ணீர் தெளிப்பு.

ஆறாவது: இவை யாவும் இந்நாட்டுத் தொழிலாளருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஒன்றுபோல் கிடைக்க வேண்டும். இன்று பல தோட்டங்களில் நம்மோடு நிரை பிடிப்பவர் இந்தோனேசியத் தோழர், வங்காளதேசத் தோழர், நேப்பாளத் தோழர். அவர்களைப் புகையில் விட்டுவிட்டு நாம் மட்டும் ஒதுங்கினால், நாளை நம் இடத்துக்கும் அவர்களையே அனுப்புவார்கள். சுமத்ராவிலிருந்து வந்த தோழரின் தாயும் தந்தையும் அங்கே இதைவிடக் கொடிய புகையில் கிடக்கிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல். நம் நாட்டின் 2020 ஆம் ஆண்டு அளவுகோல்படி, நுண்துகள் ஒரு நாள் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 35 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த அளவோ 15 தான். நம் அளவுகோல் இரட்டிப்புக்கும் மேல் தளர்வானது. காற்றை அளக்கும் நிலையங்கள் அறுபதுக்கும் மேல் இருந்தாலும், பெரும்பாலானவை ஊர்ப்புறங்களை விட்டு நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. மேலும், குறியீடு நுண்துகளின் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவதால், விடியற்காலை நிரையில் நிற்பவரின் காற்று அந்த எண்ணைவிட மோசமாகவும் இருக்கக்கூடும். தோட்டங்கள் மிகுந்த வட்டாரங்களிலும் அளவு கருவிகள் வைக்க வேண்டும்.

கிராணிமார்களே, இனி உங்களிடம் வருகிறோம். நீங்களும் நம்மவர்களே. தோட்ட ஆபீசில் மழைமானி இருக்கிறது. காலைதோறும் அளந்து, இன்றைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று பதிகிறோம். செக்ரோலில் மழை என்று எழுத வழி உண்டு. புகை என்று எழுத வழி இல்லை. அந்த வழியை நாமே உண்டாக்குவோம். சுற்றுச்சூழல் இலாகா ஒவ்வொரு மணி நேரமும் குறியீட்டை வெளியிடுகிறது. கைப்பேசியில் பார்க்க ஒரு நிமிடம் போதும். மழை அளவுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதி வையுங்கள். அன்று எத்தனை பேர் மருந்தகத்துக்குப் போனார்கள், எத்தனை பேருக்கு மருத்துவ விடுப்பு என்பதையும் எண்ணிக்கையாகக் குறித்து வையுங்கள். மழையை அளப்பது மரத்துக்காக; காற்றை அளப்பது மனிதனுக்காக. ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் சங்கத் தலைவர்கள் கண்ணீரை அல்ல, கணக்கை வைப்பார்கள். கண்ணீருக்கு இரங்காத முதலாளியும் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே, ஒப்பந்தம் வரும்வரை உங்கள் உடம்பை நீங்கள் காத்துக்கொள்ள வேண்டும். புகை அடர்ந்த நாளில் கொசுவத்திச் சுருளைத் தவிர்த்து, உடம்பில் பூசும் மருந்தைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் சாம்பிராணியும் வத்தியும் சிகரெட்டும் வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் அறையின் சன்னல்களை மூடுங்கள். ஆஸ்துமாக்காரர் மருந்துக் குழாயை இடுப்பிலேயே வைத்திருங்கள். மூச்சு இரைத்தாலோ நெஞ்சு வலித்தாலோ, "கொஞ்ச நேரத்தில் சரியாகும், நிரையை முடித்துவிடலாம்" என்று எண்ணாதீர்கள். உடனே மருந்தகத்துக்குப் போங்கள். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள்.

லயத்துக்குப் பின்னால் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரியும் இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்கரைத் தீயைக் கண்டிக்கும் நாம், நம் பிள்ளைகளின் சன்னலுக்குக் கீழே தீ மூட்ட விடக்கூடாது. ஆனால் குப்பை எடுக்க வண்டியே வராத தோட்டத்தில், எரிக்காதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. வாரம் தவறாமல் குப்பை எடுப்பதும் நிர்வாகத்தின் கடமை. அதையும் கமிட்டிக் கூட்டங்களில் கேளுங்கள்.

1954 இல் சிதறிக் கிடந்த பல சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, கூலி, வீடு, தண்ணீர், மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. எதுவும் தானாகக் கிடைக்கவில்லை. சுத்தமான காற்றையும் ஒரு நாள் கேட்க வேண்டி வரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த நாள் வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்கும் காலத்தில் கேட்காவிட்டால், அடுத்த வறட்சியில் மறுபடியும் பள்ளிக்கூடம் மூடும், மறுபடியும் பெரட்டு நடக்கும்.

வானம் தெளிவாக இருக்கும்போதே இதைப் பேச வேண்டும். புகை வந்தபின் பேசினால், "இப்போது நெருக்கடி நேரம், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். புகை போனபின் "அதுதான் போய்விட்டதே" என்பார்கள். ஆகவே இந்த மாதமே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கூடி, "200க்கு மேல் வெட்டு இல்லை, வெட்டில்லாத அந்நாளுக்கும் சம்பளம் உண்டு" என்ற தீர்மானத்தை நிறைவேற்றிச் சங்கத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு தோட்டத்தின் தீர்மானம் வெறும் காகிதம். எல்லாத் தோட்டங்களின் தீர்மானமும் ஒன்றாகச் சேர்ந்தால் அதுவே ஒப்பந்தத்தின் வரி.